கறுப்புக் கல் கோடு: லால்பாக்கிலிருந்து தங்கவயல் வரை

கோலார் தங்கவயலுக்குப் போய் வந்தவர்களிடம் ஊர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். தங்கக் கணக்குத்தான் வரும். எத்தனை டன் எடுத்தார்கள், எவ்வளவு ஆழம் தோண்டினார்கள், அடியில் இன்னும் மிச்சம் இருக்கிறதா. இன்றைக்கு நாம் தங்கத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, அது ஒளிந்திருந்த கல்லைப் பார்க்கப் போகிறோம். வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளம். அகலம் என்று பார்த்தால் பெரும்பாலான இடங்களில் நான்கைந்து கிலோமீட்டர்தான். வரைபடத்தில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. என்னைக் கேட்டால் கோலாரின் அதிசயமே அந்தக் கோடுதான். தங்கம் அதற்குப் பிற்பாடு வந்து சேர்ந்தது.

கறுப்பைப் பார்க்கும் முன்னால், அதைச் சுற்றிப் படுத்திருக்கும் சாம்பல் நிறக் கல்லைப் பார்த்துவிட வேண்டும். அதற்கு ரயில் ஏற வேண்டாம். பெங்களூர் லால்பாக் போதும். கெம்பேகவுடா கோபுரம் நிற்கிற பாறை மேல் ஏறுகிறவர்கள் எல்லாரும் ஊரைத்தான் பார்க்கிறார்கள். கைப்பேசியை உயர்த்திக் கட்டடங்களைப் படம் பிடிக்கிறார்கள். நீங்கள் போனால் குனிந்து பாருங்கள். காலடியில் வெளிர் சாம்பல் நிறப் பாறை. அதில் வெள்ளையும் கறுப்புமாகப் பட்டைகள். அந்தப் பட்டைகள் நேராக ஓடுவதில்லை. டிகாஷனில் பாலை ஊற்றிக் கரண்டி போடாமல் விட்டால் எப்படிச் சுழித்துக்கொண்டு நிற்குமோ, அந்த மாதிரி. வெள்ளையாக இருப்பது ஃபெல்ஸ்பாரும், வெங்கச்சங்கல் என்று நம்மூரில் சொல்கிற குவார்ட்ஸும். கறுப்பில் மினுமினுப்பது காக்காப்பொன். இந்தப் பாறைக்கு நைஸ் என்று பெயர். ஒரு காலத்தில் பூமிக்குள் பல கிலோமீட்டர் ஆழத்தில், சூட்டிலும் அழுத்தத்திலும் களிமண் போல நெளிந்து மடிந்த கல் இது. மேலே இருந்ததெல்லாம் கரைந்து போன பிறகு வெளியே தெரிகிறது.

பாறை மேலேயே இந்திய நிலவியல் ஆய்வு நிறுவனம் ஒரு பலகை வைத்திருக்கிறது. 1975இல் இதைத் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்தார்கள். மைசூர் நிலவியல் துறையைச் சேர்ந்த ஸ்மீத் 1916இல் இந்த வகைப் பாறைக்குத் தீபகற்ப நைஸ் என்று பெயர் வைத்தார். வயது 250 கோடியிலிருந்து 340 கோடி ஆண்டு வரை இடத்துக்கு இடம் மாறும். தென்னிந்தியாவின் பெரும்பகுதிக்கு இதுதான் தரை. பெங்களூரில் ஆயிரம் அடிக்கு மேல் ஆழ்குழாய் போட்டும் சிலருக்குக் காற்றுதான் வருகிறதே, அதற்கும் காரணம் இதுதான். இந்தக் கல்லுக்குள் நீர் ஊறி நிற்க இடமே கிடையாது. எங்கேயாவது விரிசல் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை.

லால்பாக்கை விட்டு இறங்குமுன் ஒன்று பாருங்கள். அந்தச் சாம்பல் பாறைக்குள் அங்கங்கே கறுப்புத் துண்டுகள் அகப்பட்டுக் கிடக்கும். சில கையகலம் இருக்கும், சில அதைவிடப் பெரிசு. ஓரங்கள் மழுங்கி, பட்டைகள் அவற்றைச் சுற்றி வளைந்து போகும். நைஸ் உருவான காலத்தில் அதற்குள் சிக்கிக்கொண்ட வேறு கல்லின் மிச்சங்கள் இவை. இந்த ஜாதிக் கறுப்புக் கல் மலை மலையாக, கிலோமீட்டர் கணக்கில் தப்பிப் பிழைத்த இடங்கள் கர்நாடகத்தில் சில உண்டு. சித்ரதுர்கா ஒன்று, ஹட்டி ஒன்று. பெங்களூருக்கு மிகவும் பக்கத்தில் இருப்பது கோலார்.

சரி, இப்போது ரயில் ஏறலாம். பெங்களூரிலிருந்து கிழக்கே, சென்னை போகிற அதே தடம். வைட்ஃபீல்டைத் தாண்டினால் மாலூர். செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் பேர்போன ஊர். அதற்கப்புறம் டேக்கல் வரும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்தவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைத்த மாதிரி உருண்டைப் பாறைக் குன்றுகள். இவையும் வெளிர் நிறக் கல்தான். பெங்களூருக்கு மேற்கே ராமநகரில் ஷோலே படம் எடுத்தார்களே, அங்கும் இதே மாதிரிக் குன்றுகளைப் பார்க்கலாம். அது சுமார் 250 கோடி ஆண்டு வயதான கிரானைட். பங்காரப்பேட்டையில் இறங்கி வண்டி மாற வேண்டும். தண்ணீர் மாதிரித் தெளிவான ரசம் ஊற்றித் தருகிற அந்த ஊர்ப் பானிபூரி பெங்களூர் வரை பிரசித்தம். அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தால் தவற விட வேண்டாம்.

பங்காரப்பேட்டையிலிருந்து பிரிகிற சின்னக் கிளைப்பாதை 1890களில் போட்டது. முனையில் இருக்கும் ஊர் மாரிக்குப்பம். வழியில் கொரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று நிலையங்கள். மற்ற ஊர்களில் ரயில் பாதை ஊரைப் பார்த்துப் போகும், அல்லது ஆற்றைப் பார்த்துப் போகும். இங்கே அது பூமிக்கடியில் இருக்கிற ஒரு கல் நரம்பைப் பார்த்துப் போகிறது. தங்கம் இருந்த சாம்பியன் ரீஃப் வடக்கு தெற்காகக் கிலோமீட்டர் கணக்கில் நீண்டிருந்தது. அதன் மேலேயே சுரங்கங்கள் வரிசை பிடித்தன: நந்திதுர்கம், ஊரிகம், சாம்பியன் ரீஃப், மைசூர். சுரங்கத்தை ஒட்டித் தொழிலாளர்களின் லைன் வீடுகள், லைன் வீடுகளை ஒட்டிக் கோயில், சர்ச், சாராயக்கடை, ஸ்டேஷன். தங்கவயலின் தெருப் படத்தை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டால், நிலவியல் படம் தனியாக வாங்க வேண்டியதில்லை. ஊர் நீளமாகவும் ஒடுங்கியும் இருப்பது கல் அப்படி இருப்பதால்தான்.

இறங்கியாயிற்று. சுரங்கத்திலிருந்து வெளியே கொட்டிய கழிவுக்கல் குவியல்கள் அங்கங்கே கிடக்கின்றன. ஒரு துண்டை எடுத்துப் பாருங்கள். முதலில் தெரிவது எடை. லால்பாக்கில் அதே அளவுக் கல்லைத் தூக்கியிருந்தால் இந்த வித்தியாசம் கையிலேயே தெரியும். கறுப்பு நிறம், சற்றே பச்சை கலந்தது. வெயிலில் திருப்பினால் ஊசி ஊசியாக மினுங்கும். அது ஹார்ன்பிளெண்ட் என்ற தாது. இந்த மாதிரிப் பட்டைகளுக்கு உலகம் முழுவதும் பச்சைக்கல் பட்டை என்றுதான் பெயர். கோலாரில் சூடு கொஞ்சம் அதிகமாகப் பட்டதால் பச்சைத் தாதுக்கள் மாறி, கல் கறுத்துவிட்டது. உங்கள் கையில் இருக்கும் துண்டில் வெள்ளைக் கோடு ஒன்று ஓடினால் அது குவார்ட்ஸ். மஞ்சளாக ஏதாவது மின்னினால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள், பெரும்பாலும் அது கந்தகமும் இரும்பும் சேர்ந்த பைரைட்.

இந்தக் கறுப்புக் கல் முதலில் என்னவாக இருந்தது? எரிமலைக் குழம்பு. அதுவும் கடலுக்கடியில் கக்கிய குழம்பு. சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் நடந்தது. தண்ணீருக்குள் குழம்பு வழிந்தால் வெளித்தோல் உடனே இறுகும். உள்ளே இருப்பது பிதுங்கி அடுத்த உருண்டையாகும். அது இறுகி அதிலிருந்து இன்னொன்று. தலையணைகளை அடுக்கிய மாதிரி இருப்பதால் தலையணைக் குழம்பு என்றே சொல்கிறார்கள். தங்கவயலுக்கு அருகே பெத்தபள்ளியில் இந்தத் தலையணைகளையும், எரிமலை வெடித்துச் சிதறிய துண்டுகள் சேர்ந்து இறுகிய பாறையையும் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாக அறிவித்துப் பாதுகாக்கிறார்கள். சித்ரதுர்கா பக்கம் மரடிஹள்ளியிலும் தலையணைகள் உண்டு. பார்க்க அவை இன்னும் தெளிவு. ஆகக்கூடி, கடலே இல்லாத கோலார் மாவட்டத்தில் நாம் நிற்பது ஒரு கடலின் அடித்தரை மேல்.

அந்தக் காலத்துப் பூமி இன்றையதைவிட உள்ளே சூடாக இருந்தது. அதனால் இன்றைக்கு எந்த எரிமலையும் கக்காத ஒரு வகைக் குழம்பு அன்றைக்கு வந்தது. மக்னீசியம் மிகுந்தது, மிகவும் சூடானது, தண்ணீராக ஓடக்கூடியது. தென்னாப்பிரிக்காவில் கோமாட்டி ஆற்றோரம் இதை முதலில் அடையாளம் கண்டதால் கோமாட்டியைட் என்று பெயர் வந்தது. கோலார்ப் பட்டையிலும் அந்த இனத்துக் கற்கள் இருக்கின்றன. காற்றிலே ஆக்ஸிஜன் என்று சொல்லும்படி எதுவும் அப்போது இல்லை. கடல் நீரில் இரும்பு கரைந்திருந்தது. அது மெல்ல மெல்லப் படிந்து, ஒரு பட்டை இரும்பு, ஒரு பட்டை சிலிக்கா என்று அடுக்கடுக்கான கல்லாயிற்று. கோலார்ப் பட்டையில் அந்த இரும்புப் பட்டைக் கல் கடினமாக இருப்பதால், மற்றது தேய்ந்து போக, அது மட்டும் முகடாக நிற்கிறது. போகும்போது சின்னக் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். கறுப்புப் பட்டையில் வைத்தால் பிடித்துக்கொள்ளும். குழந்தைகளை அழைத்துப் போனால், நான் இவ்வளவு நேரம் பேசியதைவிட அந்த ஒரு நிமிஷம் அவர்களுக்கு நன்றாக மனதில் நிற்கும்.

இந்த இனத்துக் கற்களுக்குக் கர்நாடகத்தில் தார்வார் என்று பொதுப்பெயர் வைத்தவர் ராபர்ட் புரூஸ் ஃபூட். தமிழ் நேயர்களுக்கு இவர் புதியவர் அல்லர். 1863இல் சென்னைப் பல்லாவரத்தில் கற்காலக் கோடரியைக் கண்டெடுத்தவர் இவர்தான். 1880களில் மைசூர் சீமையின் தங்க நிலங்களைச் சுற்றிப் பார்த்து எழுதினார்.

இனி ஒரு வழக்கு. சாம்பல் நிறப் பரப்புக்கு நடுவில் இந்தக் கறுப்புக் கடல்தரை எப்படி வந்து மாட்டிக்கொண்டது? 1989இல் க்ரோக்ஸ்டாட், பாலகிருஷ்ணன், முகோபாத்யாய், ராஜாமணி, ஹான்சன் ஆகியோர் சயன்ஸ் இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். பட்டைக்கு மேற்கே இருக்கும் நைஸையும் கிழக்கே இருக்கும் நைஸையும் தனித்தனியாக வயது பார்த்தார்கள். மேற்குப் பக்கத்தில் 320 கோடி ஆண்டுகளுக்கும் முந்தைய ஒரு பழைய நிலத்தின் சாயல் இருந்தது. கிழக்குப் பக்கத்துக் கல் 253 கோடி ஆண்டு வயது. அந்தப் பழைய சாயல் அதில் இல்லை. அப்படியானால் இவை இரண்டும் தனித்தனி நிலங்கள். நடுவே இருந்த கடல் மூடி, இரண்டும் மோதிய இடத்தில் நசுங்கி நின்றதுதான் கோலார்ப் பட்டை என்றார்கள். இந்தியா ஆசியாவில் மோதி இமயம் எழுந்த மாதிரியான சமாசாரம், 250 கோடி ஆண்டுகளுக்கு முன்பே. எல்லாரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. தட்டுகள் மோதாமலே, கனமான கல் இளகிய தரைக்குள் அமிழ்ந்து இப்படிப் பட்டையாகும் என்று வாதிடுகிறவர்களும் உண்டு. எனக்கு மோதல் கட்சிதான் பிடித்திருக்கிறது. ஐந்து கிலோமீட்டர் நடப்பதற்குள் ஒரு கண்டத்திலிருந்து இன்னொரு கண்டத்துக்குப் போய்விடலாம் என்றால் யாருக்குத்தான் பிடிக்காது?

இனி அந்தத் தங்கம். குழம்பு கல்லாகி நெடுங்காலம் கழித்து, நிலம் நெரிபட்டபோது விழுந்த வெடிப்புகள் வழியாக ஆழத்திலிருந்து சூடான நீர் மேலேறியது. அதில் சிலிக்கா கரைந்திருந்தது, கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டு துளித்துளித் தங்கமும் இருந்தது. இரும்பு மிகுந்த கறுப்புக் கல்லைத் தொட்டதும் கந்தகம் இரும்போடு போய்ச் சேர்ந்தது. தங்கம் தனியாக நின்று குவார்ட்ஸோடு சேர்ந்து படிந்தது. ஆஸ்திரேலியாவின் கல்கூர்லியிலும் கனடாவின் அபிடிபிப் பட்டையிலும் ஏறக்குறைய இதே கதைதான். அகலத்தில் அற்பமான அந்த வெள்ளை நரம்புதான் சாம்பியன் ரீஃப். 120 ஆண்டுகளில் இங்கே சுமார் 5 கோடி டன் கல்லை உடைத்து 800 டன்னுக்கு மேல் தங்கம் எடுத்தார்கள். வகுத்துப் பாருங்கள். ஒரு டன் கல்லுக்குச் சுமார் இரண்டு சவரன்தான் தேறியது. அதுவும் நல்ல காலமும் கெட்ட காலமும் சேர்ந்த சராசரி; கடைசியில் ஒரு சவரனுக்கே பஞ்சம்.

கதையின் மனிதப் பக்கம் உங்களில் பலருக்குத் தெரியும், சுருக்கமாகவே சொல்கிறேன். 1802இல் நில அளவைக்கு வந்த ஜான் வாரன், ஊரிகம், மாரிக்குப்பம் பக்கத்து மக்கள் மண்ணை அலசித் தங்கம் எடுப்பதைப் பார்த்து எழுதி வைத்தார். 1870களில் பெங்களூர் கண்டோன்மென்ட்டில் இருந்த மைக்கேல் லவெல் அதைப் படித்துவிட்டு உரிமம் வாங்கினார். பெங்களூர் லவெல் ரோடு அவர் பேரில்தான் இருக்கிறது. 1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. பணம் கரைந்துகொண்டே போய், மூடிவிடலாம் என்று இருந்த சமயத்தில் பிளம்மர் என்ற சுரங்கக்காரர் பழங்காலத்துக் குழிகளுக்குக் கீழே தேடி, சாம்பியன் ரீஃபைப் பிடித்தார். அதாவது, நம்மவர்கள் எப்போதோ தோண்டி விட்ட இடத்துக்கு அடியில். 1902இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து 147 கிலோமீட்டர் கம்பி இழுத்துத் தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூர்த் தெருவில் மின்விளக்கு எரிந்தது அதற்கப்புறம், 1905இல்.

வடாற்காடு, சேலம் பக்கத்திலிருந்து பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் கீழே இறங்கிக் கல்லை உடைத்தன. ஷாப்ட் என்கிற செங்குத்துக் குழி வழியாக இறங்கி உழைத்துவிட்டு மேலே வந்த அதே மக்கள்தான் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் பௌத்த சங்கம் நடத்தினார்கள். அந்தப் பௌத்த இயக்கத்தை முன்னெடுத்த அயோத்திதாச பண்டிதரின் நூல்கள் அச்சேறிய ஊர்களில் தங்கவயலுக்குத் தனி இடம் உண்டு. அவர் தொடங்கிய தமிழன் இதழை அவர் மறைவுக்குப் பின் ஜி. அப்பாதுரையார் இங்கிருந்து நடத்தினார்.

கீழே போவது என்றால் 3 கிலோமீட்டருக்கு மேல். அந்த ஆழத்தில் பாறையின் சூடு அறுபது டிகிரியைத் தாண்டும். குளிர்ந்த காற்றை இயந்திரம் வைத்து உள்ளே தள்ளினால்தான் ஆள் நிற்க முடியும். சூட்டைவிடப் பெரிய பயம் பாறை வெடிப்பு. மேலே இருக்கும் கல்லின் பாரம் முழுவதும், தோண்டி எடுத்த வெற்றிடத்தின் ஓரங்களை அழுத்தும். இறுக்கம் தாங்காமல் சுவர் திடீரென்று தெறிக்கும். மேலே வீடுகளில் பாத்திரம் அதிரும். கறுப்புக் கல் கெட்டியாக இருப்பதால்தான் இந்த வினை. பொடபொடவென்று இருந்திருந்தால் மெல்லச் சரிந்திருக்கும். இதை ஆராய்வதற்கென்றே 1988இல் தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் தங்கவயலில் தொடங்கியது.

அந்தக் கெட்டிக் கல் வேறொரு கூட்டத்துக்கு வரமாக வாய்த்தது. டாட்டா ஆராய்ச்சி நிறுவனத்து இயற்பியலாளர்கள், பி. வி. ஸ்ரீகண்டன் முதலானோர், 1951 முதல் இங்கே கருவிகளோடு இறங்கினார்கள். வானிலிருந்து பொழியும் துகள்களை எல்லாம் பாறை வடிகட்டிவிட வேண்டும், நியூட்ரினோ என்ற துகள் மட்டும் கடந்து வர வேண்டும். சாதாரணப் பாறை தண்ணீரைப்போல் 2.65 மடங்கு எடை என்று அவர்கள் கணக்கு வைப்பார்கள். கோலார்க் கல் 3.02 மடங்கு. கழிவுக்கல் துண்டைத் தூக்கியபோது கையில் தெரிந்ததே, அதே எடைதான். 1965இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாப்ட் அருகே, 2.3 கிலோமீட்டர் ஆழத்தில், காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவை இந்திய, ஜப்பானிய, பிரிட்டிஷ் விஞ்ஞானிகள் சேர்ந்து பதிவு செய்தார்கள்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி சுரங்கத்தை மூடினார்கள். ஷாப்ட்டுகளில் தண்ணீர் ஏறிவிட்டது. மேலே மிஞ்சியது சைனைட் மலை. தங்கத்தைப் பிரித்த பின் கொட்டிய அரைத்த கல் மாவு அது. தரிசாக, வெளுத்துப் போய்ச் சினிமாக்காரர்களுக்குப் பிடித்த இடமாகிவிட்டது. கே.ஜி.எஃப் படத்தில் பார்த்திருப்பீர்கள். காற்றடிக்கிற மாதங்களில் அந்தத் தூசு லைன் வீடுகளுக்குள் வந்து படியும். படத்தில் அது வராது. வேலை போனவர்களின் பிள்ளைகள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவு திரும்புகிறார்கள். அவர்களிடம் போய்க் கல்லைப் பற்றி வியந்து பேசுவதில் எனக்கே கொஞ்சம் கூச்சம்தான். ஆனால் பேச ஆரம்பித்தால் அவர்கள் விடமாட்டார்கள். எந்த லெவலில் எந்தக் கல் எப்படி உடையும் என்று அப்பாவும் தாத்தாவும் சொன்னதைச் சொல்லுவார்கள்.

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சுரங்க வளாகம் வேலி போட்டது, அனுமதி இல்லாமல் நுழைய முடியாது. பழைய குழிகள் மூடாமல் கிடக்கும், புதருக்குள் கால் வைக்க வேண்டாம். சைனைட் மலையில் ஏறி விளையாடவும் வேண்டாம். பெத்தபள்ளியில் சுத்தியலைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். நினைவுச்சின்னத்தில் சில்லு உடைக்க வேண்டாம்.

தங்கவயலோடு கோடு முடிந்துவிடவில்லை. தெற்கே ஆந்திரத்தின் பிசாநத்தம், சிகர்குண்டா வழியாக இறங்கி, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்து வேப்பனப்பள்ளிப் பக்கம் வரை அதன் வால் நீள்கிறது. அந்தப் பக்கத்து நேயர்கள் யாராவது இப்போது கேட்டுக்கொண்டிருந்தால், நாளைக்கு வயலுக்குப் போகும்போது வரப்பில் கிடக்கிற கல்லைக் கொஞ்சம் பாருங்கள். வெளிர் கல்லோடு கறுப்பாக, கைக்குக் கனமாக ஒன்று கலந்து கிடந்தால், எந்த ஊரில், எந்தப் பக்கத்துக் காட்டில் என்று நிலையத்துக்கு ஓர் அஞ்சலட்டை எழுதிப் போடுங்கள்.